அடுத்த விமானம் வியாழக்கிழமை

ஐரோப்பாவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் ஜனவரி, பிப்ரவரி வந்தால் கை அரிக்கும். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் முடிந்திருக்கும், நாலரை ஐந்துக்கே இருட்டிவிடும், அடுத்த நீண்ட விடுமுறை ஈஸ்டருக்குத்தான். அந்த நேரம் பார்த்து விமான டிக்கெட் விலை தரையைத் தொடும். ஆகஸ்டில் 300 யூரோ கேட்ட அதே ஊருக்குப் பிப்ரவரியில் போய்வர 94 யூரோ என்று காட்டும். வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம், லீவுகூடப் போட வேண்டாம் என்று மனசு கணக்குப் போடும். நானும் அப்படித்தான் மியூனிக்கிலிருந்து குரோஷியாவின் துப்ரோவ்னிக்குக்குத் தனியாகக் கிளம்பினேன். ஞாயிறு இரவு வந்திருக்க வேண்டியவள் செவ்வாய் இரவு வந்து சேர்ந்தேன், அதுவும் பேருந்தில். ஆஃப் சீசன் பயணம் பற்றி நான் தேடிப் படித்ததெல்லாம் கூட்டமே இல்லை, விலை பாதி, அழகு அப்படியே இருக்கிறது என்ற ரகம்தான். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் விலை ஏன் பாதியாகிறது, அந்தப் பாதியோடு சேர்ந்து எதெல்லாம் கழிந்துபோகிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. பிப்ரவரி 3 துப்ரோவ்னிக்கின் காவல் புனிதர் விளாஹோவின் திருநாள். 972ஆம் ஆண்டில் வெனிஸ் கப்பல்கள் நட்பு பாராட்டுவதுபோல வந்து நகரைப் பிடிக்கப் பார்த்தன என்றும், புனிதர் ஒரு பாதிரியாருக்குத் தோன்றி எச்சரித்தார் என்றும் ஊரில் நம்பிக்கை. அன்றிலிருந்து கொண்டாடுகிறார்கள். 2009இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. முந்தைய நாளே வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். மறுநாள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து ஆட்கள் பழைய உடையில், ஆளுயரத்தைவிடப் பெரிய கொடிகளோடு நகருக்குள் வருகிறார்கள். கொடியைச் சுழற்றித் தாழ்த்தி வணங்குவதைப் பார்க்கவே தனியாகப் போகலாம். ஒரு கூட்டம் குட்டைத் துப்பாக்கிகளில் வெடி போடுகிறது. கோட்டைச் சுவருக்குள் அந்தச் சத்தம் கேட்டால் நெஞ்சு அதிரும். தேவாலயத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கழுத்தருகே பிடித்துத் தொண்டை நோய் வராமல் இருக்க ஆசீர்வதிக்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற பாட்டி என்னையும் வரிசையில் இழுத்து நிறுத்திவிட்டார். ஊர்த்திருவிழாவில் அயலூர்க்காரியாக நிற்கும் சுகம் எனக்குப் பிடிக்கும், அதுவும் யாரும் நமக்காக எதையும் நடத்திக்காட்டாத திருவிழா என்றால் இன்னும் பிடிக்கும். ஆகஸ்டில் கப்பல் கப்பலாகச் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் ஸ்ட்ராடூன் தெருவில் அன்று முக்கால்வாசி உள்ளூர் முகங்கள். இதற்காகவாவது குளிர்காலத்தில் போகலாம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சாப்பாட்டு விஷயம்: அந்தத் திருநாளின் விசேஷ உணவு ஷ்போர்கி மகருலி, மாட்டிறைச்சிக் குழம்பில் புரட்டிய மக்ரோனி. நான் சைவம். உருளைக்கிழங்கும் கீரையும் பூண்டோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் விட்ட பிளிட்வா என்ற ஒன்று இருக்கிறது, அதையும் ரொட்டியையும் வைத்துச் சமாளித்தேன். பழைய நகருக்குள் பெரும்பாலான உணவகங்கள் நவம்பரிலிருந்து மார்ச் வரை பூட்டிக் கிடக்கும். திருவிழாவுக்காகச் சில திறந்திருந்தன. மற்ற வாரங்களில் இன்னும் குறைவு என்று அறை கொடுத்த அம்மா சொன்னார். கூகுளில் ‘திறந்திருக்கிறது’ என்று பார்த்து நம்பி நடக்காதீர்கள், கோடை நேரத்தை அப்படியே விட்டுவைத்திருப்பார்கள். ஸர்ஜ் மலைக்குப் போகும் கேபிள் கார் பலத்த காற்றில் ஓடாது. கோட்டைச் சுவர்மேல் நடக்கக் குளிர்காலக் கட்டணம் கோடைக் கட்டணத்தைவிட மிகவும் குறைவு, ஆனால் மதியம் மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அதனால் காலையில் முதல் வேலையாக ஏறிவிடுங்கள்.

அறையைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரை ஊர்களில் வாடகைக்கு விடும் வீடுகள் கோடையை மனத்தில் வைத்துத் தயார் செய்யப்பட்டவை. ஜெர்மனியில் எந்த அறைக்குள் போனாலும் சுவரோரம் ஹீட்டர் இருக்கும் என்று பழகிவிட்டோம். இங்கே கல் சுவர், கல் தரை, சூட்டுக்கு இருந்தது ஓர் ஏசி மட்டும். அதைச் சூட்டில் ஓடவிட்டால் மேலே காற்று வெதுவெதுப்பாகும், தரையில் கால் வைத்தால் உயிர் போகும். வெள்ளி இரவு கோட்டோடு படுத்தேன். முன்பதிவு செய்யும்போது ‘சூடேற்றும் வசதி உண்டு’ என்று போட்டிருந்தால் அது எந்த வசதி, படுக்கையறையில் இருக்கிறதா கூடத்தில் இருக்கிறதா என்று செய்தி அனுப்பிக் கேளுங்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள். படிக்கட்டுத் தெருக்களில் அறை எடுத்தால் மழையில் அந்தச் சுண்ணாம்புக் கல் எப்படி வழுக்கும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராடூனே நூற்றாண்டுகளாக மிதித்து மிதித்துப் பளபளவென்று ஆகிவிட்ட தெரு.

சனி இரவு காற்று தொடங்கியது. அந்தக் காற்றுக்கு அங்கே புரா என்று பெயர். உள்நாட்டு மலைகளுக்குப் பின்னால் தேங்கும் குளிர்ந்த காற்று, மலைமுகட்டைத் தாண்டிக் கடலை நோக்கி வடகிழக்கிலிருந்து விழுகிறது. ஒரே சீராக வீசினாலாவது பரவாயில்லை. விட்டு விட்டு அடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் சன்னல் பலகை லாரி மோதியதுபோல அதிர்ந்தது. ஆனால் ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் வானம் கண்ணாடியாக நீலம், ஒரு துளி மேகம் இல்லை. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மழையில்லை, பனியில்லை, மூடுபனியில்லை, விமானம் ஏன் நிற்கப்போகிறது? துப்ரோவ்னிக் விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி சிலிப்பியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கடற்கரைக்கு இணையாக ஓடுபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். புரா மலையிலிருந்து இறங்கினால் விமானத்தைப் பக்கவாட்டில்தான் தாக்கும். உள்ளூரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். குளிர்காலத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வடக்கே உள்ள ஸ்பிளிட் நகருக்கோ தலைநகர் ஸாக்ரெபுக்கோ திரும்பிப் போவது அங்கே செய்தியே இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு யார் சொல்வது? நீங்கள் போகும் ஊரின் விமான நிலையத்தை எந்த மாதத்தில் எது படுத்தும் என்று ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள். அட்ரியாட்டிக் கரையில் காற்று, வடக்கு இத்தாலியின் போ சமவெளியில் மூடுபனி, ஆல்ப்ஸ் பக்கம் பனி. ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று இருக்கிறது.

விமான நிலையத்துக்குப் போனபோது எங்கள் விமானம் மியூனிக்கிலிருந்து கிளம்பிவிட்டதாகப் பலகையில் இருந்தது. பக்கத்தில் நின்றவர் கைப்பேசியில் அதன் பாதையைக் காட்டினார். நெருங்கி வந்தது, இறங்கப் பார்த்தது, மேலே ஏறியது, கடலுக்குமேல் ஒரு சுற்று, மறுபடி முயன்றது, அப்புறம் வடக்கே திரும்பிவிட்டது. ஸ்பிளிட்டில் இறங்கியது. எங்களைப் பேருந்தில் ஸ்பிளிட்டுக்கு அழைத்துப்போய் அங்கிருந்து ஏற்றுவார்கள் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம், 230 கிலோமீட்டர்தானே. ஒரு மணி நேரம் கழித்துப் பலகையில் ‘ரத்து’ என்று வந்தது. ஸ்பிளிட்டில் இறங்கிய விமானம் அங்கே வந்தவர்களை இறக்கிவிட்டு, எங்களில் ஒருத்தரும் இல்லாமல் மியூனிக்குக்குத் திரும்பிப் பறந்ததையும் அந்தக் கைப்பேசியிலேயே பார்த்தோம். கோபத்தைவிட ஒருவித அவமானம்தான் முதலில் வந்தது, ஏன் என்று தெரியவில்லை.

உதவி மேசையில் ஒரே ஒரு பெண். வரிசையில் நூறு பேராவது இருந்திருப்போம். அதற்குள் எல்லாக் கைப்பேசிக்கும் செய்தி வந்தது: ‘உங்கள் பயணம் ரத்து. ஒன்று, வியாழக்கிழமை விமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அல்லது பணத்தைத் திரும்பப் பெறலாம்.’ வியாழக்கிழமையா என்று எனக்குத் தலை சுற்றியது. கோடையில் இந்த வழித்தடத்தில் தினமும் விமானம் உண்டு, சில நாளில் ஒன்றுக்கு மேலும் உண்டு. குளிர்காலத்தில் அந்த நிறுவனம் வாரத்துக்குச் சில தடவைதான் பறந்தது. 94 யூரோ டிக்கெட்டின் மறுபக்கம் இதுதான். கோடையில் ஒரு விமானம் போனால் அடுத்ததில் ஏறலாம், வேறு நிறுவனத்தில் ஏறலாம், கப்பலில் போகலாம். துப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்பிளிட்டுக்கு வேகப் படகு உண்டு, இத்தாலியின் பாரிக்குக் கப்பல் உண்டு. இரண்டுமே குளிர்காலத்தில் ஓடுவதில்லை. ரயில் எந்தப் பருவத்திலும் இல்லை, அந்த ஊருக்கு இன்று ரயில் பாதையே கிடையாது. உள்நாட்டு விமானமும் அதே ஓடுபாதையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். மிச்சம் இருப்பது சாலை ஒன்றுதான்.

இங்கேதான் நிதானம் வேண்டும். வரிசையில் எனக்கு முன்னாலிருந்த இளைஞர்கள் ‘பணம் திரும்ப’ என்ற பொத்தானை டக்கென்று அழுத்திவிட்டார்கள். அவர்களுக்குக் கிடைக்கப்போவது திரும்பும் பயணத்துக்கு உரிய நாற்பது சொச்சம் யூரோ. அதை அழுத்திய பிறகு ஊர் கொண்டுசேர்க்கும் பொறுப்பும், அதுவரை தங்கவும் சாப்பிடவும் வைக்கும் பொறுப்பும் விமான நிறுவனத்திடமிருந்து கழன்றுவிடும். நான் அழுத்தவில்லை. அதற்குப் புத்திசாலித்தனம் காரணமில்லை, பின்னால் நின்ற ஓர் ஆஸ்திரியக்கார அம்மா தோளைத் தட்டி ‘வேண்டாம்மா, பொறு’ என்கிற தொனியில் தலையை ஆட்டியதுதான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறை பற்றி அவர்தான் சொன்னார். ரத்தானால் பணமா, மாற்றுப் பயணமா என்று தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை. மாற்றுப் பயணம் என்றால் கூடிய சீக்கிரம் கிடைப்பதைத் தரவேண்டும், அவர்களுடைய அடுத்த விமானம் வரும்வரை காத்திரு என்று மட்டும் சொல்லக்கூடாது. 1,500 கிலோமீட்டருக்குட்பட்ட பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு என்பது தனி. வானிலை போன்ற அசாதாரணக் காரணம் என்றால் அது கிடைக்காது. ஆனால் இழப்பீடு இல்லை என்பதால் அறையும் சாப்பாடும் இல்லை என்று ஆகாது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் மாட்டிக்கொண்ட ஒரு பயணி போட்ட வழக்கில், எவ்வளவு அசாதாரணக் காரணமானாலும் கவனித்துக்கொள்ளும் கடமை நீங்காது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மேசையில் இருந்த பெண், ‘வானிலைதானே, நாங்கள் எதுவும் செய்ய முடியாது’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டையும் குழப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். பாவம், அவர் விமான நிறுவனத்தின் ஆள்கூட இல்லை, தரைச் சேவை நிறுவனத்தின் ஊழியர்.

அதனால் என் முறை வந்ததும் சண்டை போடாமல் கேட்டேன்: ‘வியாழக்கிழமைக்கு முன்னால் வேறு வழி உண்டா? ஸ்பிளிட்டிலிருந்தோ ஸாக்ரெபிலிருந்தோ அனுப்புவீர்களா? இன்றிரவு அறை தருவீர்களா?’ இல்லை, இல்லை, இல்லை. ரத்தானது என்று ஒரு தாள் எழுதிக் கேட்டேன், அதை மட்டும் முத்திரையோடு தந்தார். இதே மூன்று கேள்வியையும் அங்கேயே நின்று விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலாகவும் அனுப்பினேன், செயலியில் வியாழக்கிழமை என்று காட்டிய பக்கத்தைப் படம் எடுத்து வைத்தேன். நாம் கேட்டோம், அவர்கள் தரவில்லை, அதனால் நாமே ஏற்பாடு செய்தோம் என்று பின்னால் காட்டுவதற்கு அந்த மின்னஞ்சலின் நேரம் முக்கியம். நேராக ஓடிப்போய் டிக்கெட் வாங்கிவிட்டு அப்புறம் பணம் கேட்டால் எங்களிடம் கேட்கவே இல்லையே என்பார்கள்.

ஊருக்குத் திரும்புவதே பாடாகிவிட்டது. விமான நிலையப் பேருந்து விமான நேரத்தை ஒட்டித்தான் ஓடும். வராத விமானத்துக்குப் பேருந்தும் வராது. மூன்று பேராகச் சேர்ந்து ஒரு டாக்சி பிடித்தோம், என் பங்கு 15 யூரோ. ரசீது வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு. குரோஷியாவில் 2023 ஜூலையிலிருந்து கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிறுகள் மட்டும்தான் திறக்கலாம் என்று சட்டம். எந்த ஞாயிறு என்பதைக் கடைக்காரர்களே முடிவு செய்வார்கள். கூட்டம் வரும் கோடைக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். என் தெருவில் ஒரு கடையும் இல்லை. பேருந்து நிலையத்திலும் பெட்ரோல் நிலையத்திலும் திறந்திருக்கும் என்று அப்போது தெரிந்திருந்தால் பையில் இருந்த பாதி சாக்லெட்டோடு இரவைக் கழித்திருக்க மாட்டேன். அறை கொடுத்த அம்மா அடுத்த சந்தில்தான் இருந்தார். இளம் வயதில் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்தவராம், நல்ல ஜெர்மன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததுமே ‘புராவா?’ என்றார். அதே அறையை 35 யூரோவுக்குக் கொடுத்து, இன்னொரு கம்பளியும் சூடான சூப்பும் தந்தார். ஆஃப் சீசனில் இது ஒரு நன்மை, அறைக்குப் பஞ்சமில்லை. இந்தத் தடவை ரசீது கேட்டேன். நோட்டுப் புத்தகத் தாளில் பெயர், முகவரி, தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் தாள் பின்னால் செல்லுபடியானது.

அன்றிரவு தூங்கவில்லை. காற்றுச் சத்தம் ஒரு பக்கம், திங்கள் காலை இருந்த அலுவலகக் கூட்டத்தை நினைத்து இன்னொரு பக்கம். அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் கரூரில் அவர்களும் தூங்க மாட்டார்கள். மியூனிக்கில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் போன் போட்டேன். ‘நீ ஏன் தனியா அங்கெல்லாம் போற?’ என்று தொடங்காமல், ‘சரி, காலையில எத்தனை மணிக்கு பஸ்?’ என்று கேட்டார் பாருங்கள், அதற்காகவே அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். இருவரும் போனிலேயே தேடி, திங்கள் காலை ஸாக்ரெப் பேருந்துக்கு 42 யூரோவும், அன்றிரவு ஸாக்ரெபிலிருந்து மியூனிக்குக்கு இன்னொரு நிறுவனத்தின் பேருந்துக்கு 49 யூரோவும் கட்டினோம். நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி. தாராளம் என்று நினைத்தோம்.

ஸாக்ரெப் பாதையில் ஸ்வேட்டி ரோக் சுரங்கத்துக்கும் மாஸ்லெனிட்ஸா பாலத்துக்கும் நடுவே உள்ள நெடுஞ்சாலைப் பகுதிதான் புராவுக்குப் பேர்போனது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம் அங்கே பதிவாகியிருக்கிறது. பலமாக அடித்தால் முதலில் உயரமான வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் தடை, அப்புறம் எல்லாருக்குமே தடை. ஸ்பிளிட்டைத் தாண்டியதும் ஓட்டுநர் வானொலியைக் கூட்டி வைத்தார், வண்டிக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு மொழி புரியவில்லை, பெருமூச்சு புரிந்தது. க்னின், க்ராச்சாட்ஸ் வழியாகப் பழைய மலைச்சாலையில் சுற்றிப் போனோம். வெளியே பனி, லாரிகளின் வால் நீண்டுகொண்டே போனது. குரோஷிய ஆட்டோமொபைல் கிளப்பான ஹாக் தன் தளத்தில் எந்தச் சாலை எந்த வண்டிக்கு மூடியிருக்கிறது என்பதை ஆங்கிலத்திலும் உடனுக்குடன் போடுகிறது. அதை முந்தைய இரவே பார்த்திருந்தால் இரவுப் பேருந்தைப் பதிந்தே இருக்க மாட்டோம். ஸாக்ரெப் போய்ச் சேர்ந்தபோது மியூனிக் வண்டி கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் பேருந்தின் தாமதத்துக்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பில்லை. 49 யூரோ போனது போனதுதான். ஒரே டிக்கெட்டாக இணைப்புப் பயணம் கிடைத்தால் பத்து யூரோ கூட என்றாலும் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முதல் வண்டி போய்ச் சேரும்வரை இரண்டாவதை வாங்காதீர்கள். பிப்ரவரித் திங்களிரவுப் பேருந்தில் இடம் இல்லாமல் போகாது.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 28 யூரோவுக்கு ஒரு விடுதிப் படுக்கை. அங்கே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று தெரியும். உடல் நன்றாக இருக்கிறது, பணம் இருக்கிறது, இரண்டு நாள் தாமதம், அவ்வளவுதான். ஆனாலும் தனியாக இருக்கும்போது ஒவ்வொரு சின்ன முடிவையும் நாமே எடுக்க வேண்டும், எதையும் ‘நீ பார்த்துக்கோ’ என்று இன்னொருவரிடம் தள்ள முடியாது. சோர்வு அதிலிருந்துதான் வருகிறது. மேலாளருக்கு இரண்டாவது நாளும் லீவு கேட்டுச் செய்தி அனுப்பியபோது, விமானம் ரத்தான தாளின் படத்தையும் சேர்த்தனுப்பினேன். கேட்காமலே அனுப்பியது நல்லதாயிற்று, ஒரு கேள்வியும் வரவில்லை.

செவ்வாய் காலை மியூனிக் பேருந்து. குரோஷியா 2023 ஜனவரி முதல், நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, அதனால் வழியில் சோதனையே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். விமானத்தில் போனால் பெரும்பாலும் அப்படித்தான். சாலையில் கதை வேறு. ஸ்லோவேனியா 2023 அக்டோபரில் குரோஷிய எல்லையில் மறுபடி சோதனை வைத்தது. ஜெர்மனி ஆஸ்திரிய எல்லையில் 2015 முதல் நிறுத்திப் பார்க்கிறது. ப்ரெகானாவில் ஒரு தடவை, சால்ஸ்பர்க் தாண்டி வால்ஸர்பெர்க்கில் ஒரு தடவை போலீஸ் வண்டிக்குள் ஏறியது. வால்ஸர்பெர்க்கில் எங்கள் வண்டியில் ஒரு மாணவனை இறக்கிவிட்டார்கள். அவன் கையில் ஜெர்மன் வதிவிட அட்டை இருந்தது, பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. அந்த அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால்தான் செல்லும். ‘ஐரோப்பாவுக்குள்தானே’ என்று அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பும் நம் பிள்ளைகள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது அழைத்துப்போகிறவர்களுக்கு இன்னொன்று. துப்ரோவ்னிக்குக்கும் குரோஷியாவின் மற்றப் பகுதிக்கும் நடுவே நேயும் என்ற இடத்தில் போஸ்னியா கடல்வரை நீண்டிருக்கிறது, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் கரை. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அதைச் சுற்றிக்கொண்டு குரோஷியாவுக்குள்ளேயே போய்விடலாம். ஆனாலும் சில பேருந்துகள் இன்னும் நேயும் வழியாகத்தான் போகின்றன. போஸ்னியா ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு அப்பா அந்த வண்டியில் ஏறினால் ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு, மறுபடி உள்ளே வர விசா இருக்காது. விமானம் ரத்தான பதற்றத்தில் முதலில் கிடைக்கும் பேருந்தில் ஏற்றுவதற்கு முன்னால் அது எந்த வழி என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். பாலமா, நேயுமா? அந்த இரண்டு சொல் போதும், அவருக்குப் புரியும்.

இப்போதும் குளிர்கால வார இறுதிகளில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு ஒன்றைப் பார்க்கிறேன்: நான் திரும்பும் விமானம் போகாவிட்டால் அடுத்தது என்றைக்கு, அதே நாளில் தரைவழியாக வீடு வர முடியுமா. திரும்பும் தேதிக்கு அடுத்த நாளைப் போட்டுத் தேடினாலே முதல் கேள்விக்கு விடை வந்துவிடும், அதிலும் அதற்கடுத்த நாளிலும் ஒன்றுமில்லை என்றால் அந்த ஊர் எனக்குக் கோடைக்குத்தான். ரயில் போகும் ஊர்கள் குளிரிலும் கைவிடுவதில்லை. மியூனிக்கிலிருந்து வியன்னா, சால்ஸ்பர்க், பிராக் என்று எல்லாம் ரயில்தான். பிரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கும் நேரடி ரயில் உண்டு, பிப்ரவரியில் அங்கே வெயில்கூட அடிக்கும். வியன்னாவுக்கு விமானத்தில் போய் மாட்டினாலும் பிராட்டிஸ்லாவா விமான நிலையம் ஒரு மணி நேரத்தில். தீவுக்கும் ரயில் இல்லாத கடற்கரை ஊருக்கும் போக ஆசை வந்தால் திங்கட்கிழமையைச் சேர்த்து லீவு போட்டுவிட்டுத்தான் போகிறேன், சனிக்கிழமையே திரும்பும் டிக்கெட் எடுக்கிறேன். ஞாயிறு கடைசி விமானம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி, தொடுவதில்லை. கையில் கொண்டுபோகும் பையில் மாத்திரை இரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கும், ஒரு பொட்டலம் அவல் இருக்கும்.

பணக் கதை இதுதான். விமான நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில் ஒரு 50 யூரோ கூப்பன், வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரியோடு. மறுபடி எழுதினேன், 250 யூரோ கேட்கவில்லை, மாற்றுப் பயணமும் தங்கலும் சாப்பாடும் மட்டும் கேட்கிறேன் என்று பிரித்துச் சொன்னேன். பதிலே இல்லை. இரண்டு மாதம் கழிந்த பிறகு ஜெர்மனியில் பயணிகளுக்காக இருக்கும் சமரச மையத்தில் இணையத்திலேயே புகார் கொடுத்தேன்; பயணிக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முதலில் நிறுவனத்திடம் கேட்டு இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும். முத்திரைத் தாள், மின்னஞ்சல், செயலியின் படம், அந்த அம்மாவின் நோட்டுத் தாள் எல்லாவற்றையும் இணைத்தேன். கோடை தொடங்கும்போது பணம் வந்தது: ஸாக்ரெப் பேருந்து, நான் கடைசியில் ஏறிய மியூனிக் பேருந்து, இரண்டு இரவுத் தங்கல், ரசீது இருந்த சாப்பாடு. தவறவிட்ட இரவுப் பேருந்தின் 49 யூரோவைத் தரவில்லை, டாக்சியின் 15 யூரோவுக்குத் தாள் இல்லாததால் அதையும் தரவில்லை. இரண்டு நாள் லீவுக்கு விண்ணப்பத்தில் கட்டமே இல்லை.